மூன்று நாள் மாநாடு, ஒரு கேள்வி

கேள்வி: அம்மா, வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பேருந்தில் சென்று, 14 பேர் வேலை செய்யும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள்தான் எங்கள் தொழில். அடுத்த மாதம் பெங்களூரில் மூன்று நாள் நடக்கும் பெரிய தொழில்நுட்ப மாநாட்டுக்கு என்னை அனுப்புகிறார்கள். நுழைவுக் கட்டணம் மட்டும் நிறுவனத்தின் பொறுப்பு. பயணமும் தங்குவதும் என் செலவு. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் ஒரே நேரத்தில் எட்டு அரங்குகளில் உரைகள் நடக்கின்றன. எதைக் கேட்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் ஆங்கிலத்தில் பேசவும் தயக்கமாக இருக்கிறது. திரும்பி வந்ததும் "என்ன கற்றுக்கொண்டு வந்தாய்?" என்று முதலாளி கேட்பார். பணமும் நாளும் வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு, வணக்கம்.

ஒரே நேரத்தில் எட்டு அரங்குகள் என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் எனக்கு என்னுடைய முதல் மாநாடு நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு, அதுவும் பெங்களூரில்தான். காலை ஒன்பது மணிக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவள், எழுந்தால் இடம் போய்விடுமே என்று தேநீர் இடைவேளையில்கூட அரங்கை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாளில் 80 பக்க நோட்டு ஒன்று நிறைந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று இரவு முழுவதும் பேருந்தில் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் அதைப் பிரித்து வரிசையாகப் படித்துக் காட்டியபோது, என் மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் நம் வேலைக்கு எது உதவும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த நோட்டை அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

என் தவறு இதுதான்: மாநாடு என்றால் உரைகள் என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கு அப்படி நினைக்கக் காரணமே இல்லை. பெரிய தொழில்நுட்ப மாநாடுகளில் பெரும்பாலானவை தங்கள் உரைகளைப் பதிவு செய்து சில வாரங்களில் யூடியூபில் ஏற்றிவிடுகின்றன. மஞ்சக்குப்பத்தில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, புரியாத இடத்தை நிறுத்தி, மறுபடி ஓட்டி, அரங்கில் கேட்பதைவிட நன்றாகவே அவற்றைக் கேட்கலாம். பேருந்துச் சீட்டுக்கும் விடுதி அறைக்கும் நீங்கள் கொடுக்கும் பணம் யூடியூபில் கிடைக்காத ஒன்றை வாங்கித்தர வேண்டும். உங்களுக்கு இருக்கும் அதே சிக்கலோடு ஏற்கெனவே மல்லுக்கட்டியவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் எங்கோ நின்றுகொண்டிருப்பார். அவர் எதையெல்லாம் முயன்று தோற்றார் என்பதை மேடையில் பெரும்பாலும் சொல்ல மாட்டார். நேரில் கேட்டால் சொல்வார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் நீங்கள் பெங்களூருக்குப் போகிறீர்கள். ஆயிரக்கணக்கானோர் நடுவில் அவரைக் கண்டுபிடிக்க உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒரு கேள்வி. பத்து வேண்டாம், உங்கள் அன்றாட வேலையிலிருந்து எடுத்த, நன்றாகத் தீட்டிய ஒரே கேள்வி போதும்.

அந்தக் கேள்வியை எப்படித் தீட்டுவது என்பதை உங்கள் தொழிலை வைத்தே பார்க்கலாம். என்னுடைய வாடிக்கையாளர்களிலும் இரண்டு மருந்துக் கடைக்காரர்கள் இருப்பதால் உங்கள் சிக்கல்களை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். மின்சாரமும் இணையமும் போன பிறகும் மருந்துக் கடைகள் மூடவில்லை, மூடவும் முடியாது. ஒரே கடையின் இரண்டு கவுன்ட்டர்களும் யுபிஎஸ்ஸில் ஓடியபடி, ஒன்றோடொன்று பேச முடியாமல் தனித்தனியாக பில் போட்டுக்கொண்டே இருந்தன. இணைப்பு திரும்பி வந்தபோது இரண்டிலும் ஒரே எண்ணில் பில்கள் இருந்தன. இருப்புக் கணக்கும் பொருந்தவில்லை. உங்கள் நிறுவனத்துக்கும் இப்படி ஒரு வாரம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதை ஒருவரிடம் எப்படிக் கேட்பீர்கள்? "ஆஃப்லைனில் இருந்துவிட்டு வரும்போது சிங்க் செய்வது எப்படி?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தனக்குத் தெரிந்த கருவி ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர்மேல் பிழை இல்லை. கேள்வி அவ்வளவு அகலமாக இருக்கிறது. அதை இரண்டாகப் பிரியுங்கள். பில் எண் இரட்டிப்பது ஒன்று, இருப்பு பொருந்தாதது வேறொன்று.

முதலாவதை நீங்கள் பெங்களூருக்குச் சுமந்து போக வேண்டியதே இல்லை. ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், தொடர் வரிசையில் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை வைத்துக்கொள்ள அதே விதி அனுமதிக்கிறது. ஆகவே ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் தனி முன்னொட்டு, அதன்பின் நிதியாண்டு, அதன்பின் ஆறு இலக்க வரிசை எண் என்று கொடுத்துவிட்டால் இரண்டு கவுன்ட்டர்கள் எத்தனை நாள் பிரிந்திருந்தாலும் எண்கள் மோதாது. இணையத்தில் எல்லோரும் பரிந்துரைக்கும் யூயூஐடி, அதாவது ஒன்றோடொன்று மோதாதபடி கணினி தானாக உருவாக்கும் நீண்ட அடையாளக் குறி, இங்கே பில் எண்ணாக உதவாது; இடைக்கோடுகளோடு சேர்த்து அது 36 எழுத்து நீளம். அதை உள் அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் ஒரு மாலை நேரத்தில் விதியை எடுத்துப் படித்தாலே தெரிந்துவிடுகிறது. வீட்டில் தீர்க்கக்கூடியதை வீட்டிலேயே தீர்த்துவிட்டுப் போவது மாநாட்டுக்கான தயாரிப்பில் பாதி வேலை.

இரண்டாவதுதான் பயணத்துக்குத் தகுந்த கேள்வி. கணினியின் கணக்குப்படி ஒரு மாத்திரை அட்டைதான் மிச்சம் இருக்கிறது. இணைப்பு இல்லாத நேரத்தில் இரண்டு கவுன்ட்டரிலும் ஆளுக்கொன்று விற்றுவிட்டார்கள். இணைப்பு வந்ததும் இருப்பு மைனஸ் ஒன்று என்று காட்டுகிறது. தனித்தனியாக மாறிய பிரதிகளைப் பின்னர் மோதலின்றித் தாமாகவே ஒன்றுசேர்க்கும் சிஆர்டிடி என்ற தரவு வகைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தப் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரைகள் 2011-இல் வெளிவந்தன. அந்த முறையில் அமைந்த எண்ணிகள் இரண்டு பக்கக் கூட்டல் கழித்தலையும் ஒன்றுகூட இழக்காமல் சேர்த்துத் தரும். ஆனால் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதத்தைத் தாமாகத் தராது. அந்த உத்தரவாதம் வேண்டுமென்றால் ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் முன்கூட்டியே ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். எஸ்க்ரோ என்ற பெயரில் தரவுத்தள உலகம் 1980-களிலிருந்தே அறிந்த வழி அது. ஆனால் மருந்துக் கடையில் பங்கு பிரித்தால் என்ன ஆகும்? இந்தக் கவுன்ட்டரின் பங்கு தீர்ந்துவிட்டது என்று மென்பொருள் சொல்லும், மாத்திரை அட்டை அலமாரியில் கண்ணெதிரே இருக்கும், நோயாளி காத்துக்கொண்டு நிற்பார். இரண்டு அட்டைகள் உண்மையிலேயே கைமாறியிருக்கின்றன என்றால் பிழை விற்பனையில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. அலமாரி சொல்வது சரி, கணினி சொல்வது தவறு.

இப்போது உங்கள் கேள்வியை எழுதிப் பாருங்கள்: "இணைப்பு இல்லாத நேரத்திலும் விற்பனையைத் தடுக்காமல் பில் போடும் கடைகளில், பின்னால் இருப்பு மைனஸ் ஆனால் அதை யார், எப்போது, எப்படிச் சரிசெய்யும்படி உங்கள் மென்பொருளை அமைத்திருக்கிறீர்கள்? முதலில் செய்துபார்த்துக் கைவிட்ட வழி எது?" இதைக் கேட்பவருக்கு நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பது உடனே புரியும், அவர் உங்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். கடைசி வாக்கியத்தை மட்டும் எந்தக் கேள்வியிலிருந்தும் விட்டுவிடாதீர்கள். பொறியாளர்கள் தாம் கைவிட்டதைப் பற்றி மனம் திறந்து பேசுவார்கள், அதை யாரும் கேட்பதில்லை என்பதால்.

இந்த இடத்தில் உங்கள் பயணச் செலவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போவது நிறுவனத்தின் வேலையாக. அதன் பயணச் செலவை நீங்கள் ஏற்பது முறையில்லை என்பது என் கருத்து. இந்தக் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி, கீழே "இதற்கான பதிலோடு திரும்பி வருவேன்; வந்த இரண்டு வாரத்தில் சோதனைக் கணினியில் செய்து காட்டுவேன்" என்று சேர்த்து, புறப்படும் முன்பே முதலாளியிடம் கொடுத்துவிட்டு, பேருந்துக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் நேராகக் கேளுங்கள். முழுவதும் கிடைக்காவிட்டாலும், அந்த மூன்று நாளும் விடுப்புக் கணக்கில் சேராமல் பணிநாளாகவே எழுதப்பட வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். திரும்பி வந்ததும் அவர் கேட்கப்போகும் கேள்விக்கும் இந்தப் பக்கம்தான் பதில். மேலும், பல மாநாடுகளில் முதன்முறை வருபவர்களுக்கும் பெண்களுக்கும் பயண உதவித்தொகை தருகிறார்கள். அதற்கான விண்ணப்பம் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அடுத்த ஆண்டுக்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிகழ்ச்சி நிரல். நாளுக்கு மூன்று நிகழ்வுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்காதீர்கள். பதிவு செய்யப்படும் பெரிய உரைகளைக் கடைசியில் வைத்து, பதிவாகாதவற்றை முதலில் பாருங்கள். கையால் செய்துபார்க்கும் பயிற்சி வகுப்புகள், ஒரே துறையில் ஆர்வமுள்ளவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் பிஓஎஃப் எனப்படும் கூடுகைகள், சுவரொட்டிகள் வைத்து விளக்கும் மேசைகள் ஆகியவை அங்கே நேரில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைப்பவை. ஐந்து நிமிட மின்னல் உரைகள் நடக்கும் நேரத்தில் எங்கும் போகாமல் அரங்கில் இருங்கள். அங்கே பேசுபவர்கள் பெரும்பாலும் தங்கள் கையில் சூடாக இருக்கும் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்டு முடித்தவுடன் போய்ப் பிடிக்கவும் எளிது. ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துப் பொதியாக்கி வேறு கணினிகளிலும் ஓட்ட உதவும் கருவி டாக்கர். இன்று மென்பொருள் உலகில் அது புழங்காத இடமில்லை. அது 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த, பைத்தான் நிரல்மொழிக்கான பைகான் மாநாட்டில், அதை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் பேசிய ஓர் ஐந்து நிமிட மின்னல் உரையில்தான் பொதுவெளிக்கு வந்தது.

சுவரொட்டி மேசைகளைப் பற்றியும் ஒரு செய்தி. 1991 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ஹைப்பர்டெக்ஸ்ட், அதாவது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் இணைப்புகள் கொண்ட உரை, பற்றிய மாநாடு நடந்தபோது, டிம் பெர்னர்ஸ்-லீ அனுப்பிய கட்டுரையை உரையாக ஏற்க அமைப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். செய்முறை விளக்கம் காட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள். அவரும் ராபர்ட் காய்யோவும் அந்த மேசையில் வைத்துக் காட்டியது வேர்ல்டு வைடு வெப். பெரிய அரங்கில் இருந்தவர்கள் அன்றைக்கு என்ன உரை கேட்டார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. நம் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வாசலில் இருக்கும் பெரிய கடைகளிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டுக் கடைசி வரிசையில் இருக்கும் சிறிய கடைக்குப் போகாமல் திரும்புகிறவர்களைப் போல் ஆகிவிடாதீர்கள்.

உட்கார்ந்த உரை உங்களுக்குப் பயன்படாது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்காகவே வரிசையின் ஓரத்து இருக்கையில் உட்காருவது நல்லது. பேசுபவரை அவமதிப்பதாகக் கருத வேண்டாம். இத்தகைய மாநாடுகளில் அது இயல்பு.

உங்கள் கேள்விக்கு நெருக்கமாகப் பேசப்போகிறவர்கள் யார் என்பதை நிகழ்ச்சி நிரலிலிருந்து இப்போதே பாருங்கள். மூன்று பேருக்கு மேல் தேற மாட்டார்கள். மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொருவருக்கும் நான்கு வரி எழுதுங்கள்: நான் இன்னார், மருந்துக் கடை பில்லிங்கில் வேலை செய்கிறேன், எனக்கு இருக்கும் கேள்வி இது, உங்கள் உரை முடிந்ததும் பத்து நிமிடம் பேச முடியுமா? ஒருவர் பதில் எழுதினாலும் போதும், முதல் நாள் காலையில் நீங்கள் யாரையும் அறியாதவராக உள்ளே நுழைய மாட்டீர்கள்.

ஆங்கிலத் தயக்கத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை, எனக்கும் இருந்தது. அதற்கு நான் கண்ட வழி, அந்த ஒரு கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியமாக எழுதி, வாய்விட்டுப் பத்துமுறை சொல்லிப் பழகுவது. கடலூர்–புதுச்சேரிப் பேருந்தில் தினமும் உங்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. பதில் வேகமாக வந்தால், "கொஞ்சம் வரைந்து காட்டுங்களேன்" என்று கேட்டு நோட்டையும் பேனாவையும் நீட்டிவிடுங்கள். வரைய ஆரம்பித்தால் யாரானாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். படமும் உங்களிடம் தங்கிவிடும். பெங்களூர் மாநாடுகளில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் குறைவே இருக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாநாட்டில் எனக்கு நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். அப்போது நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரவு வளர்ந்துகொண்டே போனதால், இரவு பத்து மணிக்குத் தொடங்கும் பேக்கப் மறுநாள் காலை சங்கம் திறக்கும் நேரத்திலும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் கழுத்து அட்டை திரும்பியிருந்ததால் பெயர்கூடத் தெரியவில்லை. பழகிவைத்திருந்த நான்கு ஆங்கில வாக்கியங்களையும் ஒப்பித்தேன். அவர் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டுச் சிரித்து, "நீங்க எந்த ஊர் மேடம்? நான் விருத்தாசலம்" என்றார். பிறகு, "மொத்தம் எத்தனை ஜிபி? ஒரு நாளைக்கு அதில் எவ்வளவு மாறும்?" என்று கேட்டார். மாறுவது நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது என்றேன். அவர் தேநீர்க் குவளையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் ஒரு பெரிய கட்டம் போட்டார், அதற்கு வலப்பக்கம் ஆறு சின்னக் கட்டங்கள் போட்டார். "பெரியது ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுசாக எடுப்பது. சின்னது ஆறும் மற்ற நாள்களில் மாறியது மட்டும்" என்றார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2005-இல் வந்த 8.0 பதிப்பிலேயே அதற்கு வழி செய்திருந்தார்கள். ஆவணமும் இணையத்தில் கிடந்தது. அந்த வசதிக்கு என்ன பெயர் என்பது தெரியாததால் நான் அதைத் தேடவே இல்லை. வரிசை நகர்ந்தபோது அவர் திரும்பி, "எடுத்த பேக்கப்பை ஒருமுறையாவது வேறு கணினியில் திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா? நாங்கள் பார்க்காமல் விட்டு ஒரு மாதக் கணக்கை இழந்தோம்" என்றார். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். ஏழு நிமிடப் பேச்சு. முந்தைய மாநாட்டின் இரண்டு நாளையும் விட அதிகமாக அதில் கற்றுக்கொண்டேன்.

ஏற்கெனவே நாலைந்து பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தால் எப்படி நுழைவது என்ற தயக்கமும் உங்களுக்கு வரும். எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருள் பொறியாளர் இதற்காக, பேக்மேன் என்ற பழைய வீடியோ விளையாட்டின் பெயரில், பேக்மேன் விதி என்று ஒன்றைச் சொன்னார். பல மாநாடுகள் அதை இப்போது தம் வரவேற்புக் குறிப்புகளில் சேர்த்திருக்கின்றன. நின்று பேசுகிறவர்கள் வட்டத்தை முழுதாக மூடிவிடாமல், அந்த விளையாட்டு உருவத்தின் திறந்த வாயைப் போல் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பதே அது. இடைவெளி இருந்தால் அது உங்களுக்கான இடம். போய் நில்லுங்கள், இரண்டு நிமிடம் கேளுங்கள், பிறகு பேசலாம். உங்களோடு யாராவது பேச வந்தால் நீங்களும் அதேபோல் ஒதுங்கி இடம் விடுங்கள். உங்கள் கழுத்து அட்டை திரும்பிக்கொள்ளாமல் இருக்க, பெயரை இரண்டு பக்கமும் எழுதிக்கொள்வது நல்லது.

நிறுவனங்களின் ஸ்டால்களில் பைகளும் டி-ஷர்ட்டுகளும் தருவார்கள். அதற்கு முன் உங்கள் அட்டையில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்வார்கள். அதோடு உங்கள் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அவர்களுடைய விற்பனைப் பிரிவுக்குப் போய்விடும், பல மாதங்களுக்கு அழைப்புகள் வந்துகொண்டிருக்கும். பதிவு செய்யும்போதே இதற்கென்று தனி மின்னஞ்சல் கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஸ்டால்களை முற்றாகத் தவிர்க்காதீர்கள். விற்பனையாளரை விட்டுவிட்டு, பொருளைக் கட்டிய பொறியாளர் யார் என்று கேட்டு அவரிடம் போய், "இது எந்த நிலைமைக்குப் பொருந்தாது?" என்று கேளுங்கள். நேர்மையான பொறியாளர் நேர்மையாகச் சொல்வார். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு செய்திதான்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரவுப் பேருந்தில் விடியற்காலை இறங்கி, அப்படியே மாநாட்டுக்குப் போகலாம் என்று திட்டமிடாதீர்கள். முதல் நாள் மதியத்துக்குள் கண் சொருகிவிடும். ஒரு நாள் முன்னதாகப் போய், முந்தைய மாலையே அட்டை வாங்க வழி இருந்தால் வாங்கிவிடுங்கள். முதல் நாள் காலை வரிசை மிக நீளமாக இருக்கும். மெட்ரோ நிலையத்துக்கு அருகில் விடுதி பாருங்கள். அரங்கின் ஏசி குளிருக்கு ஒரு சால்வை, போனுக்கு பவர் பேங்க், குடிதண்ணீர் பாட்டில் ஆகியவை கையில் இருக்கட்டும். இன்னொன்றையும் உங்களுக்கு அக்காவாகச் சொல்கிறேன். மாநாட்டின் நடத்தை விதிகளையும், புகார் சொல்ல வேண்டிய எண்ணையும் போகும் முன்பே படித்துப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். யாராவது எல்லை மீறினால் உடனே அந்த எண்ணை அழையுங்கள், சிறிய விஷயம் என்று விழுங்கிக்கொள்ளாதீர்கள். இரவு விருந்துகளுக்குப் போகாமல் அறைக்குத் திரும்பிவிட்டால் எதையோ இழந்துவிட்டோம் என்று நினைக்கவும் வேண்டாம். நல்ல பேச்சுகள் பெரும்பாலும் பகல் நேரத் தேநீர் வரிசையிலும் சாப்பாட்டு மேசையிலும்தான் எனக்கு வாய்த்திருக்கின்றன.

அறைக்குத் திரும்பியதும், குளிப்பதற்கு முன்பே, இருபது நிமிடம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்: யாரிடம் பேசினேன், அவர் சொன்ன பெயர்கள் எவை, கைவிட்ட வழி என்று எதைச் சொன்னார், நான் அவருக்கு அனுப்புவதாகச் சொன்னது எது. மறுநாள் காலையில் இவற்றில் பாதி மறந்திருக்கும். மூன்று நாளும் இதே போல் செய்தால் உங்கள் நோட்டில் ஆறேழு பக்கங்கள்தான் நிறைந்திருக்கும். ஆனால் அவற்றில் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரோடு சேர்ந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பிய வாரத்துக்குள் அவர்களில் மூன்று பேருக்காவது எழுதுங்கள். வெறும் நன்றி எழுதினால் அது அத்துடன் முடிந்துவிடும். "நீங்கள் சொன்னபடி மைனஸ் இருப்பைத் தடுக்காமல் விட்டு, இரவில் தனிப் பட்டியலாகக் கடைக்காரருக்குக் காட்டிப் பார்த்தோம், பேட்ச் எண் வேறாக இருக்கும் மருந்துகளில் மட்டும் இன்னும் குழப்பம் இருக்கிறது" என்பது போல், அவர் சொன்னதைச் செய்துபார்த்த விவரத்தோடு எழுதுங்கள். சொன்னதைச் செய்துபார்க்கிறவர்களை யாரும் எளிதில் மறப்பதில்லை. அடுத்த சந்தேகத்துக்கும் பதில் எழுதுவார்கள்.

முதலாளிக்குக் கொடுக்கும் அறிக்கையும் ஒரு பக்கம் போதும். நீங்கள் கொண்டுபோன கேள்வி, மூன்று பேர் சொன்ன மூன்று பதில்கள், அவற்றில் நம் கடைகளுக்குப் பொருந்துவது எது, ஏன், எந்தத் தேதிக்குள் செய்து காட்டுவீர்கள் என்பவை மட்டும் அதில் இருக்கட்டும். பிறகு ஒரு மாலை, 14 பேரையும் உட்கார வைத்து அரை மணி நேரம் தமிழில் சொல்லுங்கள். புயல் வாரத்தில் கடைகளிலிருந்து வந்த அழைப்புகளை எடுத்துப் பேசிய உங்கள் சப்போர்ட் பிரிவினர் கேட்கும் கேள்விகள், பெங்களூரில் யாரும் கேட்காதவையாக இருக்கும்.

ஒருவேளை இந்த மாநாட்டுக்குப் போக முடியாமல் போனாலும் மனம் தளர வேண்டாம். சென்னையில் பைத்தான் நிரலாளர்கள் மாதந்தோறும் கூடும் சென்னைபை கூட்டம் இருக்கிறது; விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுக்கள் இயங்குகின்றன. தீட்டிய கேள்வியை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பேசிப் பழகுவது பெங்களூருக்கு நல்ல ஒத்திகையாகவும் இருக்கும். மாநாட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்பதால் அதற்கும் நேரம் உண்டு.

மைனஸ் இருப்புக்கு நீங்கள் என்ன விடை கொண்டு வருகிறீர்கள் என்பதை எனக்கும் அவசியம் எழுதுங்கள். முத்தியால்பேட்டையில் உள்ள என் மருந்துக் கடைக்காரர் அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் இதுவரை அவருக்குக் கொடுத்திருப்பது தற்காலிக ஏற்பாடு மட்டுமே.